மீதி ஆட்டத்தின் நான்காம் விதி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் யோக்கியமாக நடந்துகொண்ட இடம் என்று ஒன்றும் வராது. தேடிப் பார்த்து ஏமாற வேண்டாம்.

என் பெயர் ஜோஸ்லின். ஊர் மிக்கேல்நகர். பாம்பன் பாலம் தாண்டி, அக்காள்மடத்தில் பஸ் இறங்கிக் கடலைப் பார்த்து நடந்தால் வந்துவிடும். சென்னையில் ஒரு கம்பெனியில் கணினி வேலை பார்த்தேன். ஒரு நாள் காலையில் எங்கள் பிரிவையே கூப்பிட்டு, கைகுலுக்கி, வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்தேன். வந்த இடத்தில் ஒரு ஆட்டத்தைக் கண்டுபிடித்தேன்.

ஆட்டம் என்றால் ஓடிப்பிடிப்பது இல்லை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு தாள், ஒரு பென்சில், நடுவில் இருபது முகமுள்ள ஒரு பகடை. ஒருவர் நடத்துநர். "நீங்கள் இந்த இடத்தில் நிற்கிறீர்கள், இன்னது நடக்கிறது, என்ன செய்வீர்கள்?" என்று அவர் கேட்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்து, வாயாலேயே கதையை நடத்துவார்கள். செய்ய நினைத்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். உலகமெங்கும் இப்படி ஆடுகிறார்கள். அதிலும் உலகம் அழிந்த பிறகு என்ன ஆகும் என்று ஆடிப் பார்ப்பதில் ஜனங்களுக்கு அப்படியொரு ஆசை. ஆனால் நான் பார்த்த ஆட்டங்களில் எல்லாம் பனி கொட்டுகிற நகரத்திலோ பாலைவனத்து நெடுஞ்சாலையிலோதான் உலகம் அழிகிறது. எங்கள் பக்கம் ஏன் அழியக் கூடாது? நாங்கள் என்ன அவ்வளவு மட்டமா?

என் ஆட்டத்துக்கு 'மீதி' என்று பெயர் வைத்தேன். காலம், இன்னும் நூற்றைம்பது வருடம் கழித்து. உச்சிப்புளி வரைக்கும் கடல் ஏறிவிட்டது. மிஞ்சியவர்கள் பாம்பன் பாலத்துத் தூண்களின் மேல் பரண் கட்டிக் குடியிருக்கிறார்கள். ஆளில்லாத விசைப்படகுகள் யார் ஏவியது என்று தெரியாமல் இன்னும் வலை இழுத்துக்கொண்டிருக்கின்றன. உப்புப் புயலில் மாட்டினால் தோல் உரிந்துவிடும். சிலருக்குக் கழுத்தில் செவுள் முளைத்துவிட்டது. வரைபடம் போட்டது கீழக்கரை மாஷிதா, என் கல்லூரித் தோழி. விதிகளை இருவரும் சண்டை பிடித்து எழுதினோம். நான்காம் விதி என்னுடையது. நடத்துநர் சொல்வதே உலகம். அவர் உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை.

அந்த விதியை எழுதிய கையை இப்போது பார்த்தால் எனக்குக் கூசுகிறது.

ராமநாதபுரத்தில் 'பேரழிவு முன்னாயத்தக் கழகம்' என்று ஓர் அலுவலகம். பேரழிவு வந்தால் என்ன செய்வது என்று வருடத்துக்கு ஒரு பயிற்சி நடத்துவது அதன் வேலை. போன வருடம் மரம் விழுந்தால் அப்புறப்படுத்துவது எப்படி என்ற பயிற்சி. லாரியில் ஒரு வேப்பமரத்தைக் கொண்டுவந்து அலுவலக வாசலில் போட்டு, அதன் பக்கத்தில் நின்று மூன்று பேர் பேசினார்கள். மரம் இன்னும் வாசலில்தான் கிடக்கிறது. இந்த வருடம் "புதுமையான முறையில்" நடத்தச் சொல்லி மேலிருந்து சுற்றறிக்கை வந்துவிட்டது. மாஷிதா இணையத்தில் போட்டிருந்த எங்கள் ஆட்டத்து வீடியோவை அந்த வாரம் அங்கே யாரோ பார்த்துத் தொலைத்தார்கள்.

கழகத்திலிருந்து கடிதம் வந்த அன்றைக்கு என் அம்மா ஜோதிமேரி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏடி, ஆபீஸ்காரங்க கூட ஆடப்போறீல்ல? அந்தப் புயல் கட்டடத்துச் சாவிய ஊர்ல குடுத்து வைக்கச் சொல்லு. வேற ஒண்ணும் கேக்காத."

எங்கள் ஊரில் ஒரு புயல் பாதுகாப்பு மையம் இருக்கிறது. திறப்புவிழா நடந்த அன்றோடு பூட்டினார்கள். உள்ளே கழகத்தின் உடைந்த நாற்காலிகளும் பழைய கோப்புகளும் பத்திரமாக இருக்கின்றன. சாவி ராமநாதபுரத்தில். புயல் வந்தால் ஊர்மக்கள் மனு எழுதி, பஸ் ஏறிப் போய்ச் சாவி வாங்கி வர வேண்டும். புயல் என்றால் பாலத்தில் பஸ்ஸை நிறுத்திவிடுவார்கள் என்பது சாவிக்குத் தெரியாது. போன புயலில் நாற்பது பேர் அந்தக் கட்டடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் நின்றார்கள். அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. கோணலாகக் கூடிவிட்டது. இன்றைக்கும் அவளால் கருவாட்டுக்கு மீன் கீற முடியாது.

நேரே போய்ச் சாவி கேட்டால் மனு கொடு என்பார்கள். நான்தான் அறிவாளி ஆயிற்றே. ஆட்டத்துக்குள்ளேயே அந்தக் கட்டடத்தை வைத்துவிட்டேன். பூட்டிய கதவு, வெளியே நாற்பது பேர், சாவி ஆடுபவர்கள் கையில். ஆடி முடிக்கும்போது அவர்களுக்கே வெட்கமாகிவிடும், சாவியைத் தானாகத் தருவார்கள் என்று கணக்குப் போட்டேன். வெட்கப்படப் போவது யார் என்பதில்தான் தப்பு செய்துவிட்டேன்.

பயிற்சி ஒரு ஓட்டல் அரங்கத்தில் நடந்தது. வாசலில் பெரிய பதாகை. 'உலக அழிவு: ஒரு நாள் முகாம். அனைவரும் வருக!' குத்துவிளக்கு ஏற்றினார்கள். எனக்கும் மாஷிதாவுக்கும் பொன்னாடை போட்டார்கள். இயக்குநர் அருள்முருகன் பேசினார்.

"பேரழிவு ஒரு பக்கம் சோகம்தான், மறுக்கல. ஆனா அது வராமலே இருந்துட்டா நம்ம மாதிரி கழகங்களோட கதி என்ன? அத யோசிச்சா அதவிடப் பெரிய சோகமா இருக்கு."

இயக்குநரோடு சேர்த்துப் பன்னிரண்டு அதிகாரிகள்; எல்லாரும் கை தட்டினார்கள்.

வேடம் எடுப்பதற்கே ஒன்றரை மணி நேரம் ஆனது. தூண்காவலர், தண்ணீர் தேடுபவர், பழம்பொருள் சேகரிப்பவர், செவுளர் என்று நாலு வகை வைத்திருந்தேன். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் தூண்காவலர்தான் வேண்டும் என்றார்கள், அதுதான் உயரத்தில் இருக்கிறது என்று. அலுவலகத்துக்கு ஆள் அனுப்பிப் பணிமூப்புப் பட்டியலை வரவழைத்து, அதன்படி பதினொரு பேரும் தூண்காவலர் ஆனார்கள். முதல் தூண், இரண்டாம் தூண் என்று வரிசை. கடைசியில் இருந்த கண்காணிப்பாளர் கூத்தையாவுக்குச் செவுளர் வேடத்தை ஒதுக்கினார்கள். முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர், ஓய்வு பெற இரண்டு மாதம் இருந்தது. கடலில் கால் நனைத்ததில்லையாம்.

"செவுளு இருந்தா தண்ணிக்குள்ள மூச்சு விடலாமாம்மா?" என்று தாளைப் பார்த்தபடி கேட்டார்.

"விடலாம் சார்."

"நனைஞ்சா சளி கிளி புடிக்காது?"

"புடிக்காது சார்."

"நல்லதாப் போச்சு. எனக்குத் தூறல் பட்டாலே ஆகாது" என்று தாளில் பெரிதாகச் 'செவுளர்' என்று எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டார்.

ஆட்டம் தொடங்கியது. நான் எழுந்து நின்று சொன்னேன். "தூணிலிருந்து இறங்கி வருகிறீர்கள். எதிரே ஒரு பழைய கட்டடம். உறுதியான சுவர். கதவு பூட்டியிருக்கிறது, சாவி உங்கள் கையில். வெளியே நாற்பது பேர் நிற்கிறார்கள். உப்புப் புயல் அரை மணி நேரத்தில் வந்துவிடும். என்ன செய்வீர்கள்?"

சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கதவைத் திறப்பேன் என்றுதான் சொல்லும்.

"இந்தக் கட்டடம் யாரு பொறுப்புல வருது?" என்றார் இயக்குநர்.

"சார், உலகம் அழிஞ்சு நூத்தம்பது வருசம் ஆச்சு."

"அழிஞ்சது சரிம்மா. அரசாணை ரத்தாச்சுன்னு எங்கயாவது இருக்கா?"

இல்லை. ஆகவே அரசாணை உயிரோடு இருந்தது. அதன்படி துணைக்குழு ஒன்று அமைந்தது. நாற்பது பேரும் தனித்தனியாக மனு தர வேண்டுமா, குடும்பத்துக்கு ஒன்று போதுமா என்று விவாதித்தார்கள். செவுள் முளைத்தவர்களை மனிதர் என்று எடுப்பதா மீன் என்று எடுப்பதா என்று ஐந்தாம் தூண் கேட்டார். மீன் என்றால் கோப்பை வேறு துறைக்கு அனுப்ப வேண்டுமாம். கூத்தையா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. புயலை மதியம் இரண்டரைக்கு ஒத்திவைக்கச் சொன்னார்கள். ஒத்திவைத்தேன். முதல் சறுக்கல் அதுதான். பிரியாணி வேறு நன்றாக இருந்தது.

சாப்பிட்டு வந்ததும் கூத்தையா கை தூக்கினார். "நான் தொறந்து விட்டுறேன்மா."

"கூத்தையா, உங்களுக்கு அந்த அதிகாரம் கிடையாது" என்றார் முதல் தூணான இயக்குநர். கடைசியில் அவரே திறப்பதாகச் சொன்னபோது புயல் வந்து சேர்ந்துவிட்டது. பன்னிரண்டுக்கு மேல் விழுந்தால் கதவு திறக்கும் என்று பகடையைக் கொடுத்தேன். உருட்டினார். ஒன்று விழுந்தது.

"கதவு திறக்கவில்லை. நாற்பது பேரும் இறந்துவிட்டார்கள்" என்று சொல்லிவிட்டு, நாற்பது பெயர்களையும் வாசித்தேன். ஆட்டத்துக்குப் பெயர் தேடுவானேன் என்று எங்கள் ஊர்க்காரர்கள் பெயரையே எழுதி வைத்திருந்தேன். கடைசிப் பெயர் ஜோதிமேரி. கூத்தையா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நாப்பது உயிரிழப்பா?" என்றார் இயக்குநர். "இத எப்படிம்மா மேல அனுப்புறது? கழகம் தொடங்கி பதினோரு வருசம் ஆச்சு. நாங்க நடத்துன ஒரு பயிற்சியிலகூட ஒருத்தர் செத்ததில்ல. நிஜத்துல செத்தா அது இயற்கை. பயிற்சியில செத்தா அது எங்க பொறுப்பாயிருமே!"

எல்லாரும் தலையாட்டினார்கள். பிறகு பகடையைப் பிடித்துக்கொண்டார்கள். இருபது முகம் எதற்கு, ஆறு போதாதா என்றார் மூன்றாம் தூண். இது கழகம் வாங்கிய பகடை இல்லை, ஆகவே விழுந்தது செல்லாது என்றார் நான்காம் தூண். அலுவலகப் பகடை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அதற்கு ஆறே முகம். எத்தனை தடவை உருட்டினாலும் பன்னிரண்டுக்கு மேல் விழவில்லை. கடைசியில், விழுந்த எண் பத்தொன்பது என்று தீர்மானம் போட்டு, கை தூக்கி நிறைவேற்றினார்கள். மாஷிதா என் காதில், "அல்லாவே, பகடைக்கும் ஓட்டுப் போடுறாங்கடி" என்றாள். அப்போது எனக்குச் சிரிப்பு வந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனாலும் நாற்பது பேர் செத்ததாக நடத்துநர் அறிவித்துவிட்டாரே? இயக்குநர் எங்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நான்காம் விதியில் விரல் வைத்தார்.

"நீ இல்லன்னு சொன்னா இல்ல. இப்படித்தானே எழுதிருக்க? அப்ப வெளிய யாரும் நிக்கலன்னு எழுதிரு. ஆளே இல்லன்னா சாவு ஏது? கதவத் தொறக்கணும்கிற பேச்சே வராது பாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உன்னக் கழகத்துக்கு ஆலோசகராப் போடலாம்னு இருக்கேன். போட்டோ வச்ச அடையாள அட்டை. உன் ஆட்டத்தப் புத்தகமா அடிச்சு எல்லா கடலோர மாவட்டத்துக்கும் அனுப்புறோம். மேலட்டையில உன் பேரு."

அட்டையில் என் பெயர். முப்பத்தொரு வயதில் தாயம் உருட்டுகிறாள் என்று ஊரே என்னைச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு பெரிய மனிதர் முதல் தடவையாக என் ஆட்டத்தைப் புத்தகம் என்கிறார்.

"சார், எங்க ஊர்ச் சாவி..." என்று இழுத்தேன். சத்தியமாக இழுத்தேன். ஆனால் இழுக்கத்தான் செய்தேன்.

"அதெல்லாம் அறிக்கை போனா தன்னால நடக்கும்மா."

'கதவுக்கு வெளியே யாரும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாற்பது பெயர் இருந்த தாளை அவரே வாங்கி நாலாக மடித்துக்கொண்டார்.

மாஷிதா பகடையை எடுத்துப் பைக்குள் போட்டாள். "புயல்ல செத்திருந்தா பேராவது மிஞ்சியிருக்கும்டி. நீ பேரையும் சேத்து அழிச்சுட்ட. அதுல உங்கம்மா பேரும் இருந்துச்சு" என்றாள். கீழக்கரை பஸ்ஸில் ஏறிப் போனவள்தான். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

அதற்கு மூன்றாவது ஞாயிறு, பூசை முடிந்ததும் கோயிலில் கழகத்தின் கடிதத்தைப் பங்குச் சாமியார் வாசித்தார். "மிக்கேல்நகரில் புயற்காலத்தில் மையத்தின் கதவுக்கு வெளியே எவரும் நிற்பதில்லை என அவ்வூரைச் சேர்ந்த ஆலோசகர் செல்வி ஜோஸ்லின் எழுத்துமூலம் உறுதி செய்துள்ளதன் பேரில், மேற்படி மையம் இனிக் கழகத்தின் பயிற்சி அரங்கமாகச் செயல்படும் என்பது இதனால் அறிவிக்கப்படுகிறது." அந்தத் தமிழில் எங்கள் சனத்துக்குப் பிடிபட்டது என் பெயர் மட்டும்தான். கை தட்டினார்கள். சாமியார்கூடத் தட்டினார். அம்மா கோணல் கையைத் தொடையில் தட்டினாள். பீடத்துக்குக் கீழே ஒரு குழி இருந்திருந்தால் இறங்கியிருப்பேன்.

வெளியே வரும்போது அம்மா கேட்டாள். "அப்ப சாவி?"

"வருதும்மா" என்றேன்.

கார்த்திகையில் பாம்பனில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினார்கள். வள்ளங்களை எல்லாம் கரையில் இழுத்துப் போட்டாகிவிட்டது. அன்றைக்குத்தான் எங்கள் ஊர்ப் புயல் கட்டடத்தில் கழகத்தின் இரண்டாம் கட்டப் பயிற்சி. ஒத்திவைக்க முடியாதாம், பதாகையில் தேதி அச்சாகிவிட்டது. ஆட்டத்துப் புயலை ஒத்திவைத்தவர்கள் நிஜப் புயலுக்குப் பயிற்சியை ஒத்திவைக்கவில்லை. காலையிலேயே ஜீப்பில் வந்து, நாற்காலிகளைத் தட்டி, உள்ளே தாழ் போட்டுக்கொண்டார்கள். அடையாள அட்டை இருப்பவர்களுக்கு மட்டும் அனுமதி. என் கழுத்தில் அட்டை தொங்கியது. திருத்திய பதிப்பில் பகடை கிடையாது, யாரும் சாக மாட்டார்கள். பஜ்ஜி வந்தது. மதியம் மூன்று மணிக்குக் காற்று திசை மாறி மழையைச் சுவரில் அறைந்தது. கதவுக்கு மேலே இருந்த காற்றுத் துவாரத்துக்குக் கண்ணாடி போடவில்லை. சாரல் மேசை வரைக்கும் அடித்தது.

யாரோ கதவைத் தட்டினார்கள்.

ஆட்டம் நின்றது. மறுபடி தட்டினார்கள். நிறையக் கைகள். நடுவில் அம்மாவின் குரல். "பொறுங்கப்பா, என் மக உள்ளதான் இருக்கா. தொறப்பா."

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இயக்குநர் பஜ்ஜியை வைத்துவிட்டுக் கை துடைத்தார்.

"நடத்துநர் சொல்லட்டும். வெளிய யாராவது இருக்காங்களா?"

இருக்கிறார்கள் என்றால் நான் போட்ட கையெழுத்து பொய். அறிக்கை பொய். அட்டை போய்விடும், அச்சகத்தில் இருக்கிற புத்தகம் போய்விடும். இவ்வளவையும் யோசிக்க எனக்கு நேரம் இருந்தது. அந்த நேரம் முழுக்க அவர்கள் மழையில் நின்றார்கள்.

"காத்து சார்" என்றேன்.

நாற்காலி ஒன்று நகர்ந்தது. கூத்தையா எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் ஓய்வு பெற அன்றைக்கு ஒன்பது நாள் இருந்தது.

"கூத்தையா! உங்களுக்கு அதிகாரம் கிடையாது."

"நான் செவுளுக்காரன் சார். நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. மெமோ எழுதி வைங்க, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே தாழ்ப்பாளை இழுத்தார். சாரல் அவர் முகத்தில் அடித்தது. தும்மினார். கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, தும்மித் தும்மி ஒவ்வொருவராக உள்ளே விட்டார்.

ஊரே உள்ளே வந்தது. தண்ணீர் சொட்டச் சொட்டப் பிள்ளைகளை மேசையில் ஏற்றி உட்கார வைத்தார்கள். பக்கத்து வீட்டு பிரெசில்லா அக்காள் நேரே என்னிடம் வந்தாள்.

"எம்புட்டு நேரமாத் தட்டுறோம்? உள்ள உக்காந்துக்கிட்டு என்னடி பண்ணுன? காது அவிஞ்சு போச்சா?"

கழுத்தில் தொங்கிய அட்டையைக் கையால் மறைத்தேன். அம்மா சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். கோணல் கையால் சரியாகப் பிழிய வரவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"அவள ஏன்டி வையுற? உள்ள ஒரே காத்துச் சத்தம். 'காத்து சார்'னு அவளே சொன்னாள்ல, எங்கேருந்து கேக்கும் அவளுக்கு?"

பிறகு, துடைத்துக்கொள்ளத் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று கூத்தையாவிடம் கேட்டாள்.